உப்பாற்றுத்துறை அழவில்லை

என் கணவர் கொலை செய்யப்பட்ட அன்று எங்கள் ஊரில் ஒரு கடைகூட அடைக்கப்படவில்லை. மாதா கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. ஐஸ் பிளாண்ட் ஓடியது, மீன் ஏலம் நடந்தது. பேருந்து நிலையத்துப் பலகை அன்று முழுவதும் பச்சையாகவே இருந்தது. அப்படி இருக்க வேண்டும் என்று ஊரைக் கேட்டுக்கொண்டவள் நான்தான்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காக அந்தப் பலகையைப் பற்றிச் சொல்கிறேன். அமைதி ஆணையம் ஒவ்வொரு ஊரிலும் விளக்குக் கம்பங்களில் சின்னக் கருவிகளைப் பொருத்தியிருந்தது. அவை தெருவின் குரலைக் கேட்கும், முகங்களைப் பார்க்கும், கைப்பேசிகளில் ஊர் என்ன பேசிக்கொள்கிறது என்று மோப்பம் பிடிக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஊரின் 'சூடு' என்று ஓர் எண்ணைப் பலகையில் காட்டும். நூறைத் தாண்டினால் பலகை சிவக்கும். சிவந்த ஊரில் தேர்தல் கிடையாது. ஏற்கெனவே நகராட்சி இருந்தால் அதுவும் கலைந்துவிடும். கலவரம் வரக்கூடிய இடத்தில் மக்களை வரிசையில் நிறுத்துவது ஆபத்து என்று சட்டம் காரணம் சொன்னது. பிறகு ஒரு நிர்வாகி வருவார். எந்த ஊருக்கு வந்தாலும் அவர் மரபு முன்னணியின் ஆளாகவே இருப்பார்.

இந்த நாடு ஒரே மரபுக்காரர்களுடையது, மற்றவர்கள் விருந்தாளிகள் என்று சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் அவர்கள். எங்களுக்கு வடக்கே இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஒவ்வொன்றிலும் தேர்தலுக்குச் சற்று முன்பு யாராவது வெட்டப்பட்டார்கள், அல்லது ஏதாவது ஒன்று உடைக்கப்பட்டது. நிர்வாகி வந்தபின் கடற்கரையில் சிலுவை நட்டிருந்த குரிசடியை இடித்தார்கள். பள்ளிவாசல் தெரு வீடுகளில் ஆக்கிரமிப்பு என்று சிவப்புக் குறி போட்டார்கள். தட்டிக்கேட்ட இந்துக்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்தே போயின.

உப்பாற்றுத்துறை மட்டும் பச்சையாக நின்றது. அதற்குக் காரணம் எங்கள் ஐக்கியக் குழு. பள்ளிவாசலின் மீரான் ஆலிம்சா, சிவன் கோயில் அறங்காவலராக இருந்த சங்கரவடிவு டீச்சர், மாதா கோயில் சார்பில் என் கணவர் கஸ்பார். கஸ்பார் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். நான் ஊர் வாசகசாலையில் நூலகராக இருந்தேன். குழு ஆலிம்சா வீட்டு முன்கூடத்தில் மதியத் தொழுகைக்குப் பிறகு கூடும். நானும் போய் உட்கார்ந்திருப்பேன். ஆலிம்சாவின் மகள் ஜுலைகா பெங்களூரில் இதுபோன்ற கருவிகளைச் செய்யும் நிறுவனமொன்றில் வேலை பார்த்து, பிடிக்காமல் விட்டுவிட்டு வந்தவள். எங்களுக்கு எல்லாம் விளக்கியது அவள்தான்.

"யாரு தப்பு பண்ணுனாங்கன்னு அது பாக்காது மாமா," என்றாள் கஸ்பாரிடம். "யாரு கோவமா இருக்காங்கன்னுதான் பாக்கும். அடிச்சவன் வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு அமைதியா படுத்திருப்பான். அடி வாங்குனவந்தான் கத்துவான். அதுக்குக் கத்துறவந்தான் சூடு."

"அப்ப மொதல்ல டீச்சரத்தான் ஊர விட்டு அனுப்பணும்," என்றார் கஸ்பார். "அவுக வகுப்புல போட்ட சத்தம் இன்னும் கருவாட்டுக் கிட்டங்கி வரைக்கும் கேக்குது."

"அவ்வளவு கத்தியும் உனக்கு வாய்ப்பாடு ஏறலியேல," என்றார் டீச்சர்.

"ஏறுச்சு டீச்சர். ஏழாம் வாய்ப்பாட்டோட எறங்கிருச்சு."

ஆலிம்சா சிரித்து, தாடியைத் தடவிக்கொண்டார். "டீச்சர் குரலுக்குத் தனி அனுமதி கேட்டு ஆணையத்துக்கு ஒரு மனு போடுவோம்."

கஸ்பார்தான் அந்த முறையைக் கண்டுபிடித்தார். ஒரு தெருவுக்கு அவமானம் நேர்ந்தால் அந்தத் தெருக்காரர்கள் வீட்டுக்குள் இருந்துவிட வேண்டும். மற்ற இரண்டு தெருக்காரர்களும் வந்து கழுவிவிட வேண்டும். பாதிக்கப்பட்டவன் கண்ணில்தான் சூடு இருக்கும், அவன் கண்ணே படாமல் காரியத்தை முடித்துவிட்டால் கருவிக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்றார். ஒருநாள் காலை சிவன் கோயில் வாசலில் மாட்டுத்தலை கிடந்தது. பள்ளிவாசல் தெரு ஆட்களும் எங்கள் பெண்களும் வாளிகளோடு போய்க் கழுவினோம். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். மறு வாரம் பள்ளிவாசல் படியில் பன்றிக்கறி. அதைக் கழுவியவர்களில் டீச்சரும் ஒருவர். பிறந்ததிலிருந்து அசைவம் தொடாதவர் இரண்டு விரலால் தூக்கிப் போட்டுவிட்டு, "இனிமே எனக்குப் பொறப்பு இல்ல," என்றார். எல்லோரும் சிரித்தோம். கருவியும் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கும். பலகை பச்சையாகவே இருந்தது.

அந்தச் சிரிப்பில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. இயந்திரத்தை ஏமாற்றத் தெரிந்தவர்கள் என்ற பெருமை.

வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம், காலை வெயிலில், இறங்குதளத்தில் ஒரு விசைப்படகின் எஞ்சினுக்குள் தலையை நுழைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார் கஸ்பார். முகத்தை மூடிய சிலர் இருசக்கர வண்டிகளில் வந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது என்று பக்கத்துப் படகுக்காரர் சொன்னார். அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்.

அரசு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஆலிம்சாவும் டீச்சரும் ஜுலைகாவும் வந்தார்கள். டீச்சர் என் தோளைத் தொட்டார், கையை எடுத்தார், மறுபடி தொட்டார். அவர்கள் எதைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. கேட்க முடியாமல் நிற்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

"இப்ப எவ்வளவு?" என்று ஜுலைகாவிடம் கேட்டேன்.

"மாமி..."

"எவ்வளவுன்னு சொல்லுளா."

"எண்பத்தெட்டு. ஏறிக்கிட்டே இருக்கு."

எங்கள் ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும், உடல் வெளியேறும்வரை மூன்று தெருக்களிலும் கடை அடைப்போம். அது யாரும் சொல்லித் தெரிந்துகொண்ட பழக்கமில்லை. ஆனால் கடை அடைத்தால் தெரு நிறையும். தெரு நிறைந்தால் எண் ஏறும்.

"கடையெல்லாம் தொறக்கச் சொல்லுங்க," என்றேன். "மணி அடிக்க வேண்டாம்னு மாதா கோயில் சாமியார்கிட்ட சொல்லிருங்க."

ஆலிம்சா அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க சொல்லாட்டி நாங்க கேட்டிருக்க மாட்டோம்மா," என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

கஸ்பாரின் தம்பி மிக்கேல் வெளியே நின்றிருந்தான். "மதினி, வெட்டுனவன் யாருன்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லுங்க."

"ஓட்டப் போட்டுட்டுப் போயி வெட்டுலே," என்றேன். "அதுவரைக்கும் ஒங்க அண்ணன் பெட்டியத் தூக்கு."

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஊர்வலம் கூட்டமாகத் தெரியும் என்பதால் சவப்பெட்டியை ஐஸ் வண்டியில் ஏற்றினோம். மீன் பெட்டிகளுக்கு நடுவே என் கணவர் கல்லறைக்குப் போனார். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஆலிம்சா உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு மூன்று பேராக, சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி வேறு வேறு தெரு வழியாக நடந்தோம். மீன்கடைப் பெண்கள் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். கண் ஒழுகியது, வாய் "சீலா, சீலா" என்றது. ஜுலைகா சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொருத்தி முன்னாலும் நறுக்கிய வெங்காயம் ஒரு தட்டில் இருந்தது.

சாமியார் மெல்லிய குரலில் செபம் வாசித்தார். மண் போடும்போது எனக்குள்ளிருந்து ஏதோ ஏறி வந்தது. டீச்சர் என் தாடையைப் பிடித்துக்கொண்டார், பல் வலிக்கும் பிள்ளையைப் பிடிப்பதுபோல. மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்குகிறமாதிரி அதை விழுங்கினேன். மறுபடி ஏறியது. மறுபடி விழுங்கினேன். கல்லறைத் தோட்டத்து விளக்குக் கம்பம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எண் தொண்ணூற்றாறு வரை போய் நின்றதாம். மாலையில் இறங்கத் தொடங்கியது.

தேர்தல் நடந்தது. வரிசை பள்ளிக்கூட வாசலிலிருந்து உப்பளம் வரை நீண்டது. எனக்கு யாரோ இடம் விட்டார்கள், நான் வேண்டாமென்று வரிசையிலேயே நின்றேன். சங்கரவடிவு டீச்சர் நகராட்சித் தலைவரானார். வெற்றி ஊர்வலம் வைக்கவில்லை. டீச்சர் நேராக என் வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

வெட்டியவர்கள் பிடிபடவில்லை. மிக்கேல் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

சில மாதங்கள் கழித்து அமைதி ஆணையத்திலிருந்து ஓர் அதிகாரி வாசகசாலைக்கு வந்தார். இளைஞர், மென்மையாகப் பேசினார். ஊருக்கு அமைதி நகரம் என்ற விருது கிடைத்திருப்பதாகவும், சால்வையை என் கையில் கொடுக்க விரும்புவதாகவும் சொன்னார்.

"நான் என்ன செஞ்சேன்?"

"நீங்கதாம்மா எல்லாம். முன்னாடி ஒரு கொலை நடந்தா ஊருல இவ்வளவு சூடு ஏறும்னு நாங்க ஒரு அளவு வச்சிருந்தோம். அந்த அளவுக்குள்ள இருந்தா கருவி பொறுத்துக்கும். உங்க ஊரப் பாத்த பிறகுதான் அந்த அளவு ரொம்பப் பெருசுன்னு தெரிஞ்சுது. மனசு வச்சா ஒரு ஊர் இவ்வளவு அமைதியா இருக்க முடியும். அதனால மாத்திட்டோம். இப்ப உப்பாற்றுத்துறைதான் அளவு."

"அப்படின்னா?"

"உங்கள விட அதிகமா சத்தம் போடுற ஊரு வழக்கத்த மீறுன ஊருன்னு அது எடுத்துக்கும்." அவர் புன்னகைத்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடிக்கத் தண்ணீர் கேட்டார், நன்றி சொன்னார். சால்வையை வாசிப்பு மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜுலைகாவிடம் சொன்னேன்.

"அத ஏமாத்துறோம்னு நெனச்சோம் மாமி. அது நம்மகிட்ட படிச்சிருக்கு," என்றாள். "ஒரு ஆள வெட்டுனா ஒண்ணும் ஆகாதுன்னு நாமதான் அதுக்குச் சொல்லிக்குடுத்திருக்கோம்."

மற்ற ஊர்களுக்கு அடுத்த தேர்தல் சுற்று வந்தபோது பேச்சித்தாய் என்ற பெண் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். பனையடியூர்க்காரி. நெற்றியில் திருநீறு, கையில் ஒரு துணிப்பை. வாசலிலேயே நின்று கேட்டாள்:

"நீங்கதான் அந்த அழாத அம்மாவா?"

உள்ளே வரச் சொன்னேன். அவள் மகன் இசக்கிராசா, பனையடியூர்ப் பள்ளிவாசலை உடைக்க வந்தவர்களின் முன்னால் கையை விரித்து நின்றவன். அங்கேயே வெட்டினார்கள். அவள் ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறாள். தெருவில் நாலைந்து பேர் கூட அழுதிருக்கிறார்கள். அவ்வளவுதான். பலகை சிவந்துவிட்டது. தேர்தல் நின்றது. நிர்வாகி வந்துவிட்டார்.

"என்னாலதான் ஓட்டுப் போச்சுன்னு ஊரே ஏசுது," என்றாள். "உப்பாத்தொறைக்காரி மாதிரி வாயப் பொத்த ஒனக்குத் தெரியலியேன்னு கேக்காக. எம் மவன் காப்பாத்துன பள்ளிவாச தெருவுலயே ஒருத்தி கேட்டாம்மா."

நான் அவளுக்குக் காப்பி கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

"எனக்கு இன்னொருத்தன் இருக்கான். அவனும் அதே வாசல்லதான் போயி நிக்கான், சொன்னா கேக்க மாட்டேங்கான். சொல்லிக்குடுங்கம்மா. எப்படி அழாம இருக்கதுன்னு சொல்லிக்குடுங்க."

அன்று மதியம் அவளையும் கூட்டிக்கொண்டு குழுவுக்குப் போனேன். கஸ்பாரின் நாற்காலியை யாரும் எடுத்திருக்கவில்லை. அதில் பேச்சித்தாயை உட்காரவைத்தேன். அவள் சொன்னதை மறுபடி சொன்னாள். முடித்தபோது டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத நிறுத்த வழி இருக்கா?" என்று ஜுலைகாவைக் கேட்டேன்.

"ஒண்ணு இருக்கு. அதுக்கு நல்லது கெட்டது தெரியாது மாமி. எல்லா ஊரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கும், அவ்வளவுதான். ஒரு ஊரு அழுதா அது சூடு. எல்லா ஊரும் ஒரே நாள்ல அழுதா அதுதான் வழக்கம்னு எழுதிக்கிடும். ஆனா நாம அழாம அது நடக்காது. நாமதான் அளவு."

"நாம அழுது மத்த ஊரு அழாம போச்சுன்னா?" என்றார் ஆலிம்சா.

"நம்ம ஊரு செவந்துரும் வாப்பா."

"செவந்தா எங்க தெரு போயிரும்."

"ஆமா."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தலைவர் நாற்காலியப் பத்தி எனக்குக் கவல இல்ல. அது கஸ்பாரு வாங்கிக் குடுத்தது, அவனுக்காகப் போகட்டும். ஆனா ஆலிம்சா, உங்க தெரு..."

ஆலிம்சா எழுந்தார். "என் வீட்ட நான் குடுக்கலாம். அடுத்தவன் வீட்ட நான் குடுக்க முடியாது. போயி கேட்டுட்டு வாறேன்."

அவர் பல நாள் வீடு வீடாக ஏறி இறங்கினார். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சில வீடுகளில் அவரைத் திட்டினார்கள். தெருவில் பாதிப்பேர் சம்மதித்தார்கள், மீதிப்பேர் கோபத்தோடு சம்மதித்தார்கள். அதன்பிறகு பேச்சு ஊர் ஊராகப் போனது. கைப்பேசியில் ஒரு சொல்கூட இல்லை. ஆலிம்கள் நிக்காஹ் வீடுகளில் சொன்னார்கள், சாமியார்கள் பாவமன்னிப்புக்கு வருகிறவர்களிடம் பாவசங்கீர்த்தனக் கூண்டில் சொன்னார்கள், டீச்சர் கொடைவிழாக்களுக்குப் போய்ப் பூசாரிகளிடம் சொன்னார். இறந்தவர்களை நினைக்கிற எங்கள் கல்லறைத் திருநாளன்று, அவரவர் ஊரில், அவரவர் இழந்தவர்களுக்காக, குரல்விட்டு அழ வேண்டும். அவ்வளவுதான் செய்தி.

பல ஊர்கள் அழுதன. பல ஊர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டன. போதவில்லை. எங்கள் பலகை மதியத்துக்கு முன்பே சிவந்தது. மறு வாரம் நகராட்சி கலைக்கப்பட்டது. டீச்சரை விசாரணைக்கு அழைத்துப்போனார்கள், இன்னும் விடவில்லை. பள்ளிவாசல் தெருவில் கிழக்குப் பக்க வீடுகள் இப்போது இல்லை. ஆலிம்சாவும் ஜுலைகாவும் என் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். காலையில் அவர் தொழும்போது நான் கீழே அடுப்பைச் சத்தமில்லாமல் பற்றவைப்பேன்.

சென்ற மாதம் தெற்கே ஒரு சிற்றூரில் ஒரு சர்ச் உபதேசியாரை வெட்டினார்கள். அந்த ஊர் அழுதது. ஜுலைகா எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பனையடியூரில் நாலைந்து பேர் அழுததற்கே நூறைத் தாண்டிய எண், இங்கே ஊரே அழுதும் தொண்ணூற்றெட்டில் நின்றது. அந்த ஊர் ஓட்டுப் போட்டது. இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

நான் எழுத நினைத்தது இதுவரை எழுதியது அல்ல. அந்தக் கல்லறைத் திருநாளைப் பற்றித்தான்.

அன்று காலை ஊரே கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தது. மூன்று தெருவும். யாரும் தொடங்கவில்லை. நான் தொடங்க வேண்டும் என்று எல்லோரும் நின்றார்கள், அது நியாயம்தான். கஸ்பாரின் கல்லறை முன்னால் மண்டியிட்டேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். மாரில் அடித்துப் பார்த்தேன். அவர் தலை எஞ்சினுக்குள் இருந்ததை நினைத்தேன், மீன் பெட்டிகளை நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. கிணற்றில் வாளி தரைதட்டுகிற சத்தம்போல உள்ளே ஏதோ தட்டியது, அவ்வளவுதான். சுற்றிலும் ஊர் காத்துக்கொண்டிருந்தது.

பேச்சித்தாய் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் ஊரில் அழாமல் எங்கள் ஊருக்கு ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என் காதருகே குனிந்தாள்.

"பேரு என்னம்மா?"

"கஸ்பார்."

"என்ன வேல?"

"படகு எஞ்சின் மெக்கானிக்கு. சத்தத்த வச்சே கோளாறு சொல்லுவாரு."

"ஆளு எப்படி? செவப்பா, கறுப்பா?"

"நல்ல கறுப்பு."

"என்ன பிடிக்கும்?"

"எல்லாரையும் கிண்டல் பண்ணப் பிடிக்கும்."

அவள் என் கழுத்தில் கை போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தான் ஒருநாளும் பார்த்திராத மனிதரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழத் தொடங்கினாள். கறுப்பு ராசாவே என்றாள், கடல் அறிந்த கையே என்றாள், சிரிச்ச வாயே என்றாள். பின்னால் மீன்கடைப் பெண்கள் அந்த அழுகையை எடுத்துக்கொண்டார்கள். ஆலிம்சாவின் தோள் குலுங்கியது. நடுவே மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அவள் என் பக்கம் திரும்பி, "இன்னும் சொல்லும்மா," என்றாள்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் அதை அழுதாள்.